நாபோத்தின் நிலம்



பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டார்கள். நம் ஆலயம் எழுந்த வரலாற்றை, அதைக் கண்ணால் கண்ட மூத்தோர் இம்மலரின் வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே நாம் வேறொரு வரலாற்றை எடுத்துக்கொண்டோம். இதற்கும் பொன்விழாவுக்கும் என்ன தொடர்பு என்று முதலில் தோன்றலாம். லேவியர் நூலின் இருபத்தைந்தாம் அதிகாரத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். ஐம்பதாம் ஆண்டு யூபிலி ஆண்டு. அந்த ஆண்டில் எக்காளம் ஊதப்படும். அடிமைப்பட்டவன் விடுதலை பெறுவான். கைவிட்டுப்போன மூதாதையர் நிலம் உரிய குடும்பத்துக்குத் திரும்பும். சிறையில் கிடப்பவனையும் நிலம் பறிகொடுத்தவனையும் நினையாமல் யூபிலி கொண்டாடினால், அது வெறும் கொடியும் தோரணமுமாகவே முடியும்.

கடவுளின் பெயரைச் சொல்லியே சிறை வைக்கப்பட்டவர்கள் நம் அண்டை நாடான பாகிஸ்தானில் இருக்கிறார்கள். அவர்களை அடைத்து வைக்கும் தெய்வ நிந்தனைச் சட்டத்தின் வரலாற்றையும், அதைத் திருத்தும்படி உலக நாடுகளும் திருச்சபையும் கொடுத்த குரலையும், அக்குரலால் ஆனதையும் ஆகாததையும் நாம் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு சாட்சிகள்

இந்த வரலாறு மிகப் பழையது. அரசர் நூலில் நாபோத்து என்னும் குடியானவனைக் காண்கிறோம். ஆகாபு மன்னனின் அரண்மனையை அடுத்து அவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. மன்னன் விலைக்குக் கேட்டான். அது முன்னோர் விட்டுச்சென்ற உரிமை நிலம், தரமாட்டேன் என்றான் நாபோத்து. அரசி ஈசபேல் என்ன செய்தாள்? படையை அனுப்பவில்லை; பணத்தைக் கொட்டவில்லை. நாபோத்து கடவுளையும் அரசரையும் பழித்தான் என்று சொல்ல இரண்டு சாட்சிகளைப் பிடித்தாள். நோன்பு அறிவித்து, மக்களைக் கூட்டி, சட்டம் சொன்ன முறையிலேயே அவனைக் கல்லால் எறிந்து கொல்லச் செய்தாள். மன்னன் தோட்டத்தை எடுத்துக்கொள்ளப் புறப்பட்டுப் போனான். அந்தத் தோட்டத்திலேயே இறைவாக்கினர் எலியா அவனை எதிர்கொண்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. குற்றச்சாட்டு கடவுளைப் பற்றியது. நோக்கமோ நிலத்தைப் பற்றியது. குற்றம் சாட்டப்பட்டவன் என்ன சொன்னான் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை, குற்றச்சாட்டே தீர்ப்பாயிற்று.

நம் ஆண்டவரும் இதே குற்றச்சாட்டின் பேரில்தான் தலைமைக் குருவின் முன் நிறுத்தப்பட்டார். முதல் வேதசாட்சியான புனித முடியப்பர் மீதும் பொய்ச்சாட்சிகள் இதையே சொன்னார்கள். ஆகவே, தெய்வ நிந்தனை என்று சொல்லி ஒருவரை இழுத்து வரும்போது, கிறிஸ்தவன் நிற்க வேண்டிய இடம் எது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே தாய்ச் சட்டம்

பாகிஸ்தானின் சட்டம் அரபு நாட்டிலிருந்து வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் வேர் நம் நாட்டிலேயே இருக்கிறது. ஆங்கிலேய ஆட்சியில் மெக்காலே பிரபு வரைந்து, 1860இல் நிறைவேற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சமயம் பற்றிய குற்றங்களுக்கென்று தனி அதிகாரம் இருந்தது. வழிபாட்டிடத்தை இடிப்பது, வழிபாட்டைக் குலைப்பது, இடுகாட்டை அவமதிப்பது முதலியவை அதில் அடங்கும். எந்தச் சமயத்தாருக்கும் அது பொது.

1920களில் லாகூரில் நபிகள் நாயகத்தைப் பற்றி மரியாதையற்ற ஒரு சிறு நூல் வெளிவந்தது. அதை வெளியிட்டவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அதற்கேற்ற பிரிவு சட்டத்தில் இல்லை என்று 1927இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கொந்தளிப்பு எழுந்தது. அவ்வாண்டே 295-ஏ என்னும் புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. வேண்டுமென்றே, தீய நோக்கோடு, ஒரு சமயத்தாரின் உணர்வைப் புண்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை என்றது அது. அப்படியும் அந்த வெளியீட்டாளர் 1929இல் கொலை செய்யப்பட்டார், கொன்றவர் தூக்கிலிடப்பட்டார். சட்டம் இயற்றியதால் கோபம் தணிந்துவிடவில்லை என்பதை அன்றே கண்டிருக்கலாம்.

1947இல் நாடு இரண்டாயிற்று. சட்டப் புத்தகம் இரு நாட்டுக்கும் ஒன்றாகவே இருந்தது. அதே அதிகாரத்தின் கீழ் நம் தமிழ்நாட்டில் நடந்த ஒரு வழக்கை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். 1953இல் திருச்சியில் ஈ.வெ.ரா. பெரியார் பிள்ளையார் சிலையை உடைத்தார். புகார் நீதிமன்றம் சென்றது. படிப்படியாக ஏறி 1958இல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. மக்கள் புனிதமாகக் கருதும் பொருளுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று நீதிபதிகள் கூறினார்கள். கீழ் நீதிமன்றங்கள் சட்டத்தைக் குறுக்கிப் பார்த்தன என்று கண்டித்தார்கள். காலம் கடந்துவிட்டதால் மேலும் விசாரணைக்கு உத்தரவிடவில்லை. பக்தர்கள் மனம் புண்பட்டது உண்மை. ஆனால் வழக்கு வழக்காகவே நடந்து முடிந்தது. எவர் தலைக்கும் விலை வைக்கப்படவில்லை. நோக்கத்தை விசாரிக்கும் சட்டமும் மிதமான தண்டனையும் இருந்தால், கோபத்துக்கும் ஒரு வடிகால் இருக்கும் என்பதற்கு இது சான்று.

சட்டம் வாளாக மாறியது

பாகிஸ்தானில் ராணுவத் தளபதி ஜியா உல் ஹக் ஆட்சியைக் கைப்பற்றியபின் இந்த அதிகாரம் பிரிவுக்குப் பிரிவு வளர்ந்தது. 1980இல் நபிகளாரின் குடும்பத்தாரையும் தோழர்களையும் இழித்துரைப்பது குற்றமாயிற்று. 1982இல் வந்த 295-பி, திருக்குர்ஆனை அவமதிப்போருக்கு ஆயுள் தண்டனை என்றது. 1984இல் அகமதியாக்கள் தங்களை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்வதே குற்றமாக்கப்பட்டது. 1986இல் வந்தது 295-சி. நபிகளாரை இழிவுபடுத்தினால் மரணம் அல்லது ஆயுள் தண்டனை என்றது அது. 1990இல் கூட்டாட்சி ஷரியத் நீதிமன்றம், மரணம் ஒன்றே தகுந்த தண்டனை என்று தீர்ப்பளித்தது.

தண்டனை மட்டுமா கூடியது? 1927ஆம் ஆண்டுப் பிரிவில் இருந்த நோக்கம் பற்றிய சொற்கள் 295-சியில் இல்லை. நேராகவோ மறைவாகவோ, சாடையாகவோ குறிப்பாகவோ சொன்னாலும் போதும் என்று சட்டம் எழுதப்பட்டது. சாட்சி நீதிமன்றத்தில் அந்தச் சொற்களைத் திருப்பிச் சொல்லவே அஞ்சுவான்; சொன்னால் அவனும் குற்றவாளி ஆகலாம். பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு ஏற்ற தண்டனை நடைமுறையில் இல்லை. ஈசபேல் விரும்பியிருக்கக்கூடிய சட்டம் இதுதான்.

அதுமுதல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மீது குற்றச்சாட்டுகள் எழுந்துள்ளன. அவர்களில் கிறிஸ்தவர்களும் அகமதியாக்களும் தங்கள் மக்கள்தொகைக்கு மிக மிஞ்சிய அளவில் இருக்கிறார்கள். ஆயினும் ஏறத்தாழப் பாதிப்பேர் முஸ்லிம்களே. இதை நாம் அழுத்திச் சொல்கிறோம். இஸ்லாம் என்னும் சமயத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் நடக்கும் போராக இதை எவரேனும் நமக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். இச்சட்டத்தின் கீழ் அரசு இதுவரை எவரையும் தூக்கிலிட்டதில்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்ட பலரைக் கும்பல்கள் தெருவிலும், சிறையிலும், நீதிமன்ற வாசலிலும் கொன்றிருக்கின்றன.

பஞ்சாபில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிறிஸ்தவச் சிறுவன் மசூதிச் சுவரில் நிந்தனைச் சொற்களை எழுதினான் என்று குற்றம் சாட்டப்பட்டு மரண தண்டனை பெற்றான். உலகமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1995 பிப்ரவரியில் லாகூர் உயர் நீதிமன்றம் அவனை விடுவித்தது. விடுவித்த நீதிபதிகளில் ஒருவரான ஆரிப் இக்பால் பட்டி, 1997 அக்டோபரில் தம் அலுவலக அறையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் முஸ்லிம். நீதிக்காக உயிர்விட்ட அவருக்கும் நம் செபத்தில் இடம் உண்டு.

ஆயர் ஜான் ஜோசப்

1998 மே மாதத்தில் நாம் குருமடத்தில் இறையியல் மாணவராக இருந்தோம். பைசலாபாத் ஆயர் இறந்துவிட்டார் என்ற செய்தி இரவு உணவு வேளையில் வாசிக்கப்பட்டபோது, உணவறையில் கைகள் அப்படியே நின்றுவிட்டன. அந்த அமைதி இன்றும் நம் காதில் இருக்கிறது.

ஆயர் ஜான் ஜோசப் பஞ்சாபிக் குடியில் பிறந்து ஆயரானவர். செங்கல் சூளைகளிலும் பண்ணைகளிலும் உழலும் ஏழைக் கிறிஸ்தவர்களின் மேய்ப்பர். அவர் மறைமாவட்டம் அமைந்த பஞ்சாபில் அயூப் மசீ என்ற கத்தோலிக்கர் 1996இல் பிடிக்கப்பட்டார். தடை செய்யப்பட்ட ஒரு நூலைப் பாராட்டிப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. அதைத் தொடர்ந்து அவர் கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. விசாரணையின்போது நீதிமன்ற வளாகத்திலேயே அவர் சுடப்பட்டார்; உயிர் தப்பினார். 1998 ஏப்ரல் 27 அன்று சாஹிவால் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது.

ஆயர் தட்டாத கதவில்லை. மே 6 அன்று மாலை சாஹிவாலில் மக்களோடு செபித்தார். பின் இரவில் அந்த நீதிமன்ற வளாகத்துக்குச் சென்று தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு உயிர் நீத்தார். தன் உயிரைத் தானே போக்கிக்கொள்வதைத் திருச்சபை என்றும் ஏற்பதில்லை; நாமும் அதைப் போற்றி எழுதவில்லை. அந்த இரவில் அந்த மேய்ப்பரின் உள்ளத்தில் இருந்த வேதனையை அறிந்தவர் இறைவன் ஒருவரே. அவர் இரக்கத்துக்கே அதை விட்டுவிடுகிறோம். ஒன்று மட்டும் உறுதி: அதுவரை பாகிஸ்தானின் சட்டப் பிரிவு எண்ணைக் கேட்டறியாத உலகம், அன்றிலிருந்து 295-சி என்று உச்சரிக்கத் தொடங்கியது.

2002 ஆகஸ்டில் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் அயூப் மசீயை விடுவித்தது. குற்றம் சாட்டியவர் அந்த வழக்கைக் கொண்டே அவர் குடும்பத்தின் இடத்தைத் தம் வசமாக்கிக்கொண்டார் என்பது வழக்கறிஞர் எடுத்துக்காட்டிய உண்மை. நாபோத்தின் தோட்டம் நினைவுக்கு வரவில்லையா?

உலகத்தின் குரல்

வெளிநாட்டார் ஒரு நாட்டின் சட்டத்தில் தலையிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் 1948இல் இருக்கிறது. அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 18ஆம் விதி, சிந்தனை, மனச்சான்று, சமயம் ஆகியவற்றில் சுதந்திரம் எல்லாருக்கும் உரியது என்கிறது. சமயத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் அதில் அடங்கும். சவூதி அரேபியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. பாகிஸ்தானோ ஆதரித்து வாக்களித்தது. அந்நாட்டின் வெளியுறவு அமைச்சர் சர் ஜாபருல்லா கான், இவ்விதி இஸ்லாத்துக்கு முரணன்று என்று சபையில் வாதாடினார். அவர் ஓர் அகமதியா. 1974இல் அவர் சமூகத்தாரை முஸ்லிம் அல்லாதோர் என்று அந்நாட்டின் அரசியலமைப்பே அறிவித்தது. 1985இல் அவர் இறந்தபோது, தம்மை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கே சட்டம் இடம் கொடுக்கவில்லை! உலகம் பாகிஸ்தானிடம் கேட்பது அயலார் கட்டளையன்று. அந்நாடு தானே கையெழுத்திட்ட வாக்கு.

1999 முதல் ஐ.நா. மனித உரிமை அமைப்பில் வேறொரு காற்று வீசியது. இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பு சார்பில் பாகிஸ்தான் கொண்டுவந்த, சமயங்களை இழிவுபடுத்துவதைக் கண்டிக்கும் தீர்மானம் ஆண்டுதோறும் நிறைவேறி வந்தது. கேட்பதற்கு இனிமையாகவே இருந்தது. நம் சமயத்தை இழிவுபடுத்தினால் நமக்கும் வலிக்கத்தானே செய்யும்? ஆனால் அது காப்பது கருத்தையா, மனிதரையா என்ற கேள்வி எழுந்தது. சமயச் சுதந்திரத்துக்கான ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதியாக 2004 முதல் 2010 வரை இருந்தவர், பாகிஸ்தானின் வழக்கறிஞரான அஸ்மா ஜஹாங்கீர் அம்மையார். தெய்வ நிந்தனை வழக்குகளில் ஏழைகளுக்காக வாதாடி, கொலை மிரட்டல்களுக்கு இடையே வாழ்ந்தவர். உரிமை மனிதருக்கு உரியது என்பதே அவர் இடைவிடாமல் எடுத்துரைத்த நிலை.

2011 மார்ச் மாதத்தில் அந்தப் பழைய தீர்மானம் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் 16/18 என்ற எண்ணுள்ள புதிய தீர்மானம் ஒருமனதாக ஏற்கப்பட்டது. சமயத்தின் பேரால் மனிதர் மீது காட்டப்படும் வெறுப்பையும் வன்முறையையும் தடுப்பது அதன் கருத்து. அவ்வாண்டு ஜூலையில் ஐ.நா. மனித உரிமைக் குழு ஒரு விளக்கம் வெளியிட்டது. பகைமையையும் வன்முறையையும் தூண்டுவதைத் தடுக்கும் வரம்புக்கு அப்பால், நிந்தனைச் சட்டங்கள் குடியுரிமைகள் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தத்துக்குப் பொருந்தா என்றது அவ்விளக்கம். அந்த ஒப்பந்தத்தைப் பாகிஸ்தான் 2010இல்தான் உறுதிப்படுத்தியிருந்தது.

ஆசியா பீபி

அந்த 2011 மார்ச்சுக்கு முன் நடந்தவற்றை இனிச் சொல்ல வேண்டும். 2009 ஜூனில் பஞ்சாபின் ஒரு கிராமத்தில் பழம் பறிக்கும் கூலிப்பெண்கள் வெயிலில் களைத்திருந்தார்கள். ஆசியா பீபி என்ற கத்தோலிக்கத் தாய் தண்ணீர் கொண்டுவந்தார். கிறிஸ்தவள் தொட்ட தண்ணீரைக் குடிக்கமாட்டோம் என்றார்கள் சிலர். வாய்ச்சண்டை மூண்டது. சில நாள் கழித்து அது தெய்வ நிந்தனை வழக்காயிற்று. பஞ்சாபின் கிறிஸ்தவர்களில் மிகப் பலர் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் வழிவந்தோர். தனிக்குவளையின் கொடுமையை நம் ஊர்த் தேநீர்க் கடைகளும் அறிந்தவைதானே? இதை வாசிக்கையில் அந்நாட்டாரை மட்டும் நாம் குறை சொல்ல முடியாது.

2010 நவம்பர் 8 அன்று ஆசியா பீபிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஒன்பது நாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் பொது மறையுரையின்போது அவருக்காகக் குரல் கொடுத்தார். பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர் சிறைக்கே சென்று அத்தாயைக் கண்டார். சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றார். 2011 ஜனவரி 4 அன்று அவருடைய மெய்க்காவலரே அவரைச் சுட்டுக் கொன்றார். ஆறு நாள் கழித்து, தூதுவர்களுக்கு ஆற்றிய உரையில் திருத்தந்தை அச்சட்டத்தை நீக்குமாறு பாகிஸ்தானை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். மார்ச் 2 அன்று சிறுபான்மையினர் துறை அமைச்சரும் கத்தோலிக்கருமான ஷாபாஸ் பட்டி தலைநகரில் கொல்லப்பட்டார். நாடாளுமன்றத்தில் திருத்த மசோதா கொடுத்திருந்த அம்மையார் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இங்கே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. வெளிநாட்டுக் குரல் உரக்க எழும்போது, உள்ளே இருக்கும் தீவிரவாதி அதையே தனக்கு எரிபொருளாக்குகிறான். இது மேல்நாட்டாரின் சதி என்கிறான். சட்டத்தையே வேதமாக்கி, திருத்துவோரைத் துரோகி என்கிறான். 2000ஆம் ஆண்டில் முஷாரப், ராணுவத் தளபதியாக இருந்தும், வழக்குப் பதிவு முறையில் ஒரு சிறு மாற்றத்தை அறிவித்து, ஒரு மாதத்துக்குள் பின்வாங்கியதை நினைவுகூரலாம்.

அப்படியானால் குரல் கொடுக்காமல் இருந்திருக்கலாமா? கூடாது. 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பாகிஸ்தானின் துணி முதலிய ஏற்றுமதிப் பொருள்களுக்கு ஜி.எஸ்.பி. பிளஸ் என்னும் சுங்கச் சலுகை அளித்து வருகிறது. மனித உரிமை உள்ளிட்ட 27 பன்னாட்டு ஒப்பந்தங்களை நிறைவேற்ற வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஐ.நா.வின் காலமுறை ஆய்வுகளில் ஒவ்வொரு முறையும் பல நாடுகள் இச்சட்டத்தைப் பற்றிக் கேட்டன. ஆசியா பீபியின் பெயரை மறக்க உலகம் விடவில்லை. 2018 அக்டோபர் 31 அன்று பாகிஸ்தான் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், மூவரும் முஸ்லிம்கள், அவரை விடுவித்தார்கள். புகார் தர ஐந்து நாள் தாமதம். ஊர்க்கூட்டத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொன்ன சாட்சிகளுள், கூடியவர் நூறு பேர் என்றார் ஒருவர், ஆயிரத்துக்கு மேல் என்றார் இன்னொருவர். இத்தகைய சாட்சியத்தின் பேரில் ஓர் உயிரைப் போக்க முடியாது என்றது தீர்ப்பு. நாபோத்தின் ஊரில் கேட்கப்படாத கேள்விகள் இங்கே கேட்கப்பட்டன. வாதாடிய வழக்கறிஞரும் முஸ்லிமே. தீர்ப்புக்குப்பின் அவரும் நாட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. 2019இல் ஆசியா பீபி கனடா சென்று சேர்ந்தார்.

2021 ஏப்ரலில், மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஒரு கிறிஸ்தவத் தம்பதியரைக் குறிப்பிட்டு, சுங்கச் சலுகையை மறுபரிசீலனை செய்யக் கோரி ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஜூன் மாதத்தில் லாகூர் உயர் நீதிமன்றம் அவ்விருவரையும் விடுவித்தது. ஆனால் அவ்வாண்டு டிசம்பரிலேயே சியால்கோட் தொழிற்சாலை ஒன்றின் இலங்கை மேலாளரை ஒரு கும்பல் அடித்துக் கொன்று எரித்தது. அவரைக் காக்கத் தம் உடலையே கேடயமாக்கி நின்றார் அவரோடு வேலை செய்த ஒரு முஸ்லிம் சகோதரர். 2023 ஆகஸ்ட் 16 அன்று ஆயர் ஜான் ஜோசப்பின் அதே பைசலாபாத் மறைமாவட்டத்தில், ஜரன்வாலாவில் பல ஆலயங்களும் கிறிஸ்தவர் வீடுகளும் எரிக்கப்பட்டன. 2024இல் பாகிஸ்தானின் தேசிய மனித உரிமை ஆணையமே, இளைஞர்களை இணையத்தில் சிக்கவைத்து வழக்குத் தொடுக்கும் கூட்டத்தாரைப் பற்றி எச்சரித்தது.

உலகத்தின் அழுத்தத்தால் ஆனது என்ன, ஆகாதது என்ன என்பதை இப்போது ஒருவாறு சொல்லலாம். அது பல உயிர்களைக் காத்திருக்கிறது. நீதிபதிக்குத் துணிவு தந்திருக்கிறது. சிறையிலிருப்பவர் மறக்கப்படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. சட்டத்தை அது மாற்றவில்லை. அதை மாற்ற வேண்டியது அந்நாட்டு மக்களின் மனச்சான்று. சல்மான் தசீரும் அஸ்மா ஜஹாங்கீரும் நீதிபதி ஆரிப் பட்டியும் அந்த மனச்சான்றின் குரல்கள்.

நம் முற்றத்தையும் பெருக்குவோம்

பிறர் வீட்டுக் குப்பையைச் சுட்டுகிறவன் தன் முற்றத்தையும் பெருக்க வேண்டும். கத்தோலிக்க நாடாயிருந்த பிரான்சில், அபேவில் என்னும் ஊரில் பாலத்தின்மீது இருந்த பாடுபட்ட சுரூபம் 1765இல் சேதப்படுத்தப்பட்டிருந்தது. அதையொட்டி எழுந்த கோபத்தில், நற்கருணைப் பவனி சென்றபோது தொப்பியைக் கழற்றாதது, இழிவான பாட்டுப் பாடியது முதலிய குற்றங்களுக்காக லா பார் என்ற இருபது வயது இளைஞன் சிக்கினான். 1766 ஜூலை 1 அன்று அவன் தலை வெட்டப்பட்டு உடல் எரிக்கப்பட்டது. நற்கருணை நாதரின் மகிமைக்காகச் செய்கிறோம் என்று நினைத்தே செய்தார்கள். சிலுவையில் தம்மைப் பழித்தவர்களுக்காக மன்றாடியவர் அதை ஏற்றிருப்பாரா?

திருச்சபை கற்றுக்கொண்டது, காலம் எடுத்துக் கற்றுக்கொண்டது. 1965 டிசம்பர் 7 அன்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், சமயச் சுதந்திரம் பற்றிய பிரகடனத்தை 2308 வாக்குகள் ஆதரவாகவும் 70 எதிராகவும் பெற்று வெளியிட்டது. மனித மாண்பிலேயே இந்த உரிமை வேரூன்றியிருக்கிறது, எவரையும் மனச்சான்றுக்கு எதிராக வற்புறுத்தலாகாது என்று சங்கத் தந்தையர் போதித்தார்கள். உண்மை தன் வலிமையாலேயே உள்ளத்தில் நுழையும். அதற்குக் காவல்காரன் தடி தேவையில்லை.

அயர்லாந்தின் செய்தியும் இங்கே பொருந்தும். அந்நாடு 2009இல் தெய்வ நிந்தனைக்கு அபராதம் விதிக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் சொற்களையே பாகிஸ்தான் எடுத்து ஐ.நா. மேடையில் பயன்படுத்தியது. 2018இல் அந்தக் குற்றத்தை அரசியலமைப்பிலிருந்து நீக்குவதா என்று வாக்கெடுப்பு வந்தபோது, அவ்விதி வழக்கொழிந்தது என்றும், பிற நாடுகளில் சிறுபான்மையினரை ஒடுக்க இத்தகைய விதிகள் பயன்படுவதால் கவலை தருவது என்றும் அயர்லாந்து ஆயர்களே கூறினார்கள். அக்டோபர் 26 அன்று மக்கள் பெரும்பான்மையாக அதை நீக்கினார்கள். ஐந்து நாள் கழித்து ஆசியா பீபி விடுதலை பெற்றார். ஒன்றினால் மற்றொன்று நேர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தன் கையைக் கழுவிக்கொண்டு பேசுகிறவன் பேச்சுக்குத்தான் எடை உண்டு.

நாம் செய்யக்கூடியது

பங்கு மக்களே, நம்மில் எவரும் ஐ.நா. சபைக்குப் போகப்போவதில்லை. நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு. நம் விசுவாசத்தை எவரேனும் கேலி செய்தால், ஒரு படத்தையோ சுரூபத்தையோ அவமதித்தால், முதலில் உண்மையை விசாரிப்போம். இரவோடிரவாகக் கூட்டம் சேர்ப்பதும், கேட்டதைக் கைப்பேசியில் பரப்புவதும் நமக்கு வேண்டாம். பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் கட்டளை, கடவுளுக்காகச் சொல்லும் பொய்க்கு விலக்கு அளிக்கவில்லை. நம் ஊரில் சிறுபான்மையாய் வாழும் எவர் மீதும் இத்தகைய பழி வந்தால், நாம் எலியாவின் பக்கம் நிற்போம். அந்த இரண்டு சாட்சிகளின் பக்கம் அல்ல.

பொன்விழாத் திருப்பலியின் மன்றாட்டுகளில் பாகிஸ்தான் சிறைகளில் வாடுவோருக்காகவும், அவர்களுக்காக உயிர்விட்ட முஸ்லிம், கிறிஸ்தவச் சகோதரர்களுக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்த்திருக்கிறோம். அதை வாசிக்கும்போது வாயால் மட்டும் பதில் சொல்லாதீர்கள். யூபிலி எக்காளம் நம் கோபுரத்து மணியோடு நின்றுவிடாமல், ஒரு சிறைக்கதவு வரையாவது கேட்கட்டும். நாபோத்தின் நிலம் நாபோத்தின் பிள்ளைகளுக்குத் திரும்பும் நாளை ஆண்டவர் விரைவில் அருள்வாராக.

ஆண்டவரின் ஆசீர் உங்கள் அனைவர் மீதும் தங்குவதாக.

உங்கள் பங்குத் தந்தை